பழைய கெர்னலை எப்போது அழிக்கலாம்?

2003 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு சர்வரை நானே படுக்க வைத்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் சின்ன கம்பெனி. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளருக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். அது ஓடுகிற சர்வரையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். ரெட் ஹேட் லினக்ஸ் 9. கெர்னலில் ஒரு பாதுகாப்புக் குறை, சரிசெய்த பதிப்பு வந்திருக்கிறது, போட்டுவிடு என்றார் மேனேஜர். கோவையிலிருந்தே டயல்-அப் வழியாக உள்ளே போய் பேக்கேஜை இறக்கினேன். மற்ற எல்லா பேக்கேஜுக்கும் போடுகிற அதே கட்டளையைப் போட்டேன். ஆர்பிஎம், அதற்குப் பக்கத்தில் பெரிய எழுத்து யூ. அப்கிரேட் என்று அர்த்தம். பிழை ஒன்றும் காட்டவில்லை. ரீபூட் கொடுத்தேன்.

பிங் திரும்பி வரவே இல்லை.

அரை மணி நேரத்தில் திருப்பூர் அக்கவுன்டன்ட் போன் பண்ணினார். "ஏனுங் தம்பி, சாயந்தரத்துக்குள்ள போனஸ் லிஸ்ட் வந்துருமுங்களா?" பீஸ்ரேட் ஆட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய வருடக் கணக்கு முழுக்க அந்த ஒரு பெட்டிக்குள்தான். வந்துருங்க என்று சொல்லிவிட்டு, காந்திபுரத்தில் பஸ் ஏறினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் திரையில் கெர்னல் பானிக். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்கிறது. காரணம் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. அந்த சர்வரில் இருந்த ரெய்டு கார்டுக்கு டிரைவர், கார்டு தயாரித்தவர்கள் தனியாகக் கொடுத்த மாட்யூல். அது பழைய கெர்னலுக்கு மட்டும் கட்டப்பட்டது. புது கெர்னலுக்கு அந்தக் கார்டே தெரியாது. கார்டு தெரியாவிட்டால் டிஸ்க்கும் தெரியாது. சரி, மெனுவில் பழைய கெர்னலைத் தேர்வு செய்யலாம் என்று ரீபூட் செய்தேன். மெனுவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. பெரிய யூ போட்டால் புதியதை வைத்துவிட்டு பழையதை அழித்துவிடும். பழைய கெர்னல், அதன் மாட்யூல்கள், மெனுவில் அதற்கான வரி எல்லாம் போய்விட்டன. சின்ன எழுத்து ஐ போட்டிருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கும்.

அந்த ஒரு எழுத்து வித்தியாசம் எனக்குள் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் புதிது வந்தால் பழையது போய்விடுகிறது. கெர்னலுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி மரியாதை? பழையதை வைத்திருக்க வேண்டும் என்பதை யார், எப்போது கற்றுக்கொண்டார்கள்? ஓய்வு நேரங்களில் பழைய கையேடுகள், கெர்னல் மூலநிரல், மடல் காப்பகங்கள் என்று தோண்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃப்ளாப்பியும் 'ஓல்டு' கோப்பும்

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் 0.01 வெளியிட்டபோது கெர்னல் ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்கும். பிறகும் பல வருடம் அப்படித்தான். கெர்னல் கோப்பின் முன்பக்கத்திலேயே ஒரு குட்டி பூட் செக்டர் இருந்தது. கட்டி முடித்த கோப்பை அப்படியே ஃப்ளாப்பியில் எழுதினால் அந்த ஃப்ளாப்பியிலிருந்து கணினி கிளம்பிவிடும். 2.6 வரிசை வந்தபோதுதான் இந்த வசதியை எடுத்தார்கள்.

யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் அன்றைக்கு அதுவே நல்ல பாதுகாப்பாக இருந்தது. ஓடுகிற கெர்னல் ஒரு ஃப்ளாப்பியில், புதிதாகக் கட்டியது இன்னொன்றில். புதியது ஓடவில்லையா, ஃப்ளாப்பியை மாற்று, அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூஷன்கள் நிறுவி முடிக்கும்போது "பூட் ஃப்ளாப்பி செய்யட்டுமா?" என்று கேட்ட காலம் நாற்பதைத் தாண்டினவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் எப்போதும் வேண்டாம் என்றே கொடுத்தவன்.

கெர்னல் டிஸ்க்குக்குக் குடிபோனதும் இந்த இரட்டை ஏற்பாடு தானாக வராது, யாராவது செய்து வைக்க வேண்டும். லினக்ஸ் மூலநிரலோடு வருகிற நிறுவல் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே ஒரு கெர்னல் இருந்தால் அதன் பெயரோடு 'ஓல்டு' என்று சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைக்கும். சில வரிகள்தான். ஃப்ரீபிஎஸ்டி பக்கத்திலும் இதே வழக்கம். புதியது 'கெர்னல்', முந்தினது 'கெர்னல் ஓல்டு'.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, இரவு இரண்டு மணிக்குத்தான் அது கண்ணில் படும். புது கெர்னல் போடுகிறேன். நல்ல கெர்னல் 'ஓல்டு' ஆகிறது. புதியதில் நெட்வொர்க் வரவில்லை. ஒரு அமைப்பை மாற்றி மறுபடி கட்டி மறுபடி போடுகிறேன். இப்போது 'ஓல்டு' எது? சற்றுமுன் போட்ட கெட்ட கெர்னல்! நல்லது அதன் மேலேயே எழுதப்பட்டுப் போய்விட்டது. ஃப்ரீபிஎஸ்டி கையேட்டில் இதற்கென்றே எச்சரிக்கை உண்டு. ஓடுவது உறுதியான கெர்னலை வேறு பெயரில் தனியாக நகல் எடுத்து வை, 'ஓல்டு' என்பதை நம்பாதே என்கிறது.

இந்தக் கட்டுரையின் மையமே இந்த ஓட்டைதான். 'ஓல்டு' என்ற பெயர் காலத்தைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது, ஓடிக் காட்டியது எது என்கிற தகவல். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். இல்லாத அன்றைக்குத்தான் பஸ் ஏற வேண்டி வருகிறது.

லைலோ: முகவரியை மனப்பாடம் செய்தவன்

டிஸ்க்கிலிருந்து லினக்ஸைக் கிளப்ப 1992 முதல் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதியது லைலோ. ஒரே கணினியில் பல கெர்னல்களுக்குப் பெயர் வைத்து, கிளம்பும்போது பெயரைத் தட்டித் தேர்வு செய்யும் வசதி பலருக்கும் லைலோ மூலமாகத்தான் பழகியது.

லைலோவுக்கு ஃபைல் சிஸ்டம் என்றால் என்னவென்று தெரியாது. நாம் லைலோ கட்டளையை ஓட்டும்போது, கெர்னல் கோப்பு டிஸ்க்கில் எந்தெந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று பார்த்து ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். கிளம்பும்போது அந்தத் துண்டுகளை வரிசையாகப் படிக்கும். ஆகவே கெர்னலை மாற்றினால் லைலோவை மறுபடி ஓட்டியே ஆகவேண்டும். மறந்தால்? சில சமயம் அழிக்கப்பட்ட பழைய கெர்னலே கிளம்பும், ஏனென்றால் அந்தத் துண்டுகளின் மேல் இன்னும் யாரும் எழுதவில்லை. வேறொரு கோப்பு அந்த இடத்தைப் பிடிக்கும் நாளில் நின்றுபோகும். மாற்றியது போன மாதம், நின்றது இன்றைக்கு. காரணத்தை எங்கே போய்த் தேடுவது!

லைலோ தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். பாதியில் நின்றால், எந்த எழுத்தோடு நின்றது என்று பார்த்தே நோயைச் சொல்லலாம். முதல் இரண்டு எழுத்தோடு நின்ற திரையைப் பார்த்து வயிறு கலங்கியவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

அதே லைலோவில் ஒரு நல்ல வசதியும் இருந்தது. பெரிய ஆர் போட்டு ஒரு பெயரைக் கொடுத்தால் அடுத்த ஒரே ஒரு முறை மட்டும் அந்த கெர்னலில் கிளம்பும். அதற்கு அடுத்த முறை பழைய வழிதான். இதோடு, பானிக் ஆனால் முப்பது வினாடியில் தானாக ரீபூட் ஆகு என்று கெர்னலுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டால், தொலைவில் இருக்கும் சர்வரில் தைரியமாகப் புது கெர்னலைச் சோதிக்கலாம். புதியது செத்தால் பெட்டி தானே பழையதற்குத் திரும்பிவிடும். விஷயம் தெரிந்த அட்மின்கள் இப்படித்தான் செய்தார்கள். 2003-ல் எனக்குத் தெரியாது. எங்கள் பெட்டியில் இருந்தது லைலோவும் இல்லை, கிரப்.

கிரப் தொடங்கிய கதை வேறு. 1995-ல் எரிக் போலின் குனு ஹர்டைக் கிளப்புவதற்காக எழுத ஆரம்பித்தது அது. 1999-ல் கார்டன் மாட்ஸிக்கைட், யோஷினோரி ஒகுஜி இருவரும் அதை குனு திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கிரப்புக்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியும். முகவரி மனப்பாடம் தேவையில்லை. கோப்பின் பெயரைச் சொன்னால் தானே தேடிக்கொள்ளும். மெனுவில் தப்பு இருந்தால் கிளம்பும் நேரத்திலேயே திருத்தி எழுதலாம். பல கெர்னல்களை வைத்துக்கொள்வது இதனால் சுலபமானது. ஆனால் கோப்பே டிஸ்க்கில் இல்லாவிட்டால் கிரப்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. என் மெனுவில் ஒரே வரி இருந்ததற்கு அதுதான் காரணம்.

வெளியே ஒரு வாக்கு, உள்ளே வாக்கே இல்லை

ஒரே கணினியில் ஐந்து கெர்னல்களை வைத்துக்கொண்டு எதில் வேண்டுமானாலும் கிளம்ப முடிகிறதே, எப்படி? கெர்னல் மாறினாலும் மேலே ஓடுகிற ஷெல், டேட்டாபேஸ், பிரவுசர் எதுவும் மாறவில்லையே?

கெர்னலுக்கு இரண்டு எல்லைகள் இருக்கின்றன. வெளி எல்லை, சாதாரண நிரல்கள் கெர்னலைக் கூப்பிடும் சிஸ்டம் கால்கள். இங்கே டோர்வால்ட்ஸ் வைத்திருக்கும் விதி மிகக் கறாரானது. நேற்று ஓடிய நிரலை இன்றைய கெர்னல் உடைக்கக் கூடாது. உடைத்தால் அது கெர்னலின் பிழை, நிரலின் பிழை இல்லை. இந்த வாக்கினால்தான் அதே டிஸ்ட்ரிபியூஷனை வைத்துக்கொண்டு கெர்னலை மட்டும் முன்னே பின்னே நகர்த்த முடிகிறது. பின்னே நகர்வதற்கு மட்டும் ஓர் எல்லை உண்டு. சி நூலகமான ஜிலிப்சி, தனக்குத் தேவையானதைவிடப் பழைய கெர்னலைக் கண்டால் 'கெர்னல் மிகப் பழையது' என்று சொல்லி நின்றுவிடும்.

உள் எல்லை, கெர்னலுக்கும் டிரைவர் மாட்யூல்களுக்கும் நடுவில் இருப்பது. அங்கே எந்த வாக்கும் கிடையாது. வேண்டுமென்றேதான் தருவதில்லை. ஏன் தரமாட்டோம் என்று கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், உள்ளமைப்பைத் தயங்காமல் மாற்ற முடிந்தால்தான் கெர்னலைச் செம்மைப்படுத்த முடியும். உன் டிரைவர் பிழைக்க வேண்டுமென்றால் அதை மூலநிரலுக்குள் கொண்டுவா, மாற்றும்போது நாங்களே அதையும் சேர்த்து மாற்றிவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு கெர்னலுக்கும் அதன் மாட்யூல்கள் தனி. லிப் மாட்யூல்ஸ் அடைவுக்குள் பதிப்பின் முழுப்பெயரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கும். ஒன்றின் மாட்யூலை இன்னொன்றில் ஏற்றப் போனால் பதிப்பு பொருந்தவில்லை என்று மறுத்துவிடும்.

திருப்பூரில் எனக்கு நடந்தது அந்த உள் எல்லையில் தடுக்கி விழுந்தது. ரெய்டு மாட்யூல் மூலநிரலுக்கு வெளியே இருந்தது. கெர்னல் பெயர் மாறியதும் அது அனாதை. இதற்கு மருந்தாக டெல் நிறுவனத்தின் லினக்ஸ் குழு 2003-ல் எழுதியதுதான் டிகேஎம்எஸ். மாட்யூலின் மூலநிரலை வைத்திருந்து, புது கெர்னல் வரும்போதெல்லாம் தானே கட்டிக் கொடுக்கும். இன்றைக்கும் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு என்விடியா திரை கறுப்பாகவோ விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாமலோ நின்றால், முதலில் பார்க்க வேண்டியது டிகேஎம்எஸ் அந்தக் கெர்னலுக்குக் கட்டி முடித்ததா என்பதைத்தான். பாதி நேரம் ஹெடர் பேக்கேஜ் இல்லாமல் நின்றிருக்கும்.

பேக்கேஜ் முறைகள் இந்தப் பிரச்சினைக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். டெபியன் குடும்பத்தில் பதிப்பு எண்ணையே பேக்கேஜின் பெயருக்குள் வைத்தார்கள். பெயர் வேறானால் பேக்கேஜும் வேறு, ஒன்று இன்னொன்றை அழிக்காது. ரெட் ஹேட் குடும்பத்தில் பெயர் ஒன்றுதான். ஆனால் யம் வந்தபோது, கெர்னலை மட்டும் 'நிறுவு, மேம்படுத்தாதே' என்கிற தனிப் பட்டியலில் சேர்த்தார்கள். நான் தவறவிட்ட சின்ன ஐ, கருவியின் இயல்பாகவே ஆகிவிட்டது. இப்போது ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடத்தில் என்னைப் போல விழ வேண்டுமென்றால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும்.

'பயன்படுத்தாதே' என்று பெயர் வாங்கியவை

புது கெர்னல் என் பெட்டியில் மட்டும்தான் ஓடாமல் போகும் என்றில்லை. வெளியிட்டவர்களே கையைப் பிசைந்த கெர்னல்கள் உண்டு. அக்டோபர் 2001-ல் வந்த 2.4.11-ல் சிம்லிங்க் கையாளும் இடத்தில் மோசமான பிழை. சில நாளில் 2.4.12 வந்தது. பழைய கோப்பின் பெயரையே 'டோன்ட்யூஸ்' என்று மாற்றி வைத்தார்கள். அடுத்த மாதமே 2.4.15. டிஸ்க்கை அன்மவுன்ட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்தைக் கெடுத்தது அது. மூன்று நாளில் 2.4.16. நிலையான வரிசை என்று பெயர் பெற்ற வரிசையில், இரண்டு மாதத்துக்குள் இரண்டு.

இருபது வருடம் கழித்து அதே பெயர் திரும்பி வந்தது. பிப்ரவரி 2021 கடைசியில் 5.12-ன் முதல் சோதனைப் பதிப்பு வெளியானது. ஸ்வாப்பைத் தனி பார்ட்டிஷனில் வைக்காமல் கோப்பாக வைத்திருந்தவர்களுக்கு, ஸ்வாப் எழுத வேண்டிய தகவல் அந்தக் கோப்பில் விழாமல் டிஸ்க்கில் தவறான இடத்தில் விழுந்து ஃபைல் சிஸ்டத்தையே அழித்தது. டோர்வால்ட்ஸ் சில நாளில் எச்சரிக்கை விட்டு, கிட்டில் இருந்த அடையாளத்துக்கே 'டோன்ட்யூஸ்' என்று பெயர் மாற்றினார்.

டிசம்பர் 2023-ல் டெபியனுக்கும் நேர்ந்தது. 12.3 வெளியிட வேண்டிய நாளில், அதில் சேர்த்திருந்த 6.1.64 கெர்னலில் இஎக்ஸ்டி4 தகவலைக் கெடுக்கும் பிழை தெரியவந்தது. 12.3-ஐ நிறுத்திவிட்டு, சரிசெய்த கெர்னலோடு மறுநாளே 12.4 என்று வெளியிட்டார்கள்.

இந்த மூன்றையும் படித்தபோது என் எண்ணம் ஒன்று கொஞ்சம் திருந்தியது. பழைய கெர்னல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புது கெர்னல் கிளம்பவே இல்லை என்றால் போதும்தான். கிளம்பி, நன்றாக ஓடுவதுபோல் ஓடி, அடியில் தகவலை அரித்துக்கொண்டிருந்தால்? பழைய கெர்னலுக்குத் திரும்பலாம், பழைய தகவலுக்குத் திரும்ப முடியாது. பழைய கெர்னல் பேக்கப் இல்லை. பேக்கப் தனியாக எடுக்க வேண்டும்.

இடம் தீர்ந்த கதை

இனி மறுபக்கம். பழையதை அழிக்காமலே வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பலரும் ஒருமுறையாவது சந்தித்த தொல்லை இது. இதன் வேரைத் தேடினால் லைலோ காலத்துக்கே திரும்பப் போகிறது.

பழைய பயாஸ், டிஸ்க்கில் முதல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் படிக்காது. 16 ஹெட், 63 செக்டர் என்று கணக்குப் போட்டால் 528 எம்பி. 255 ஹெட் என்று போட்டால் 8.4 ஜிபி. கெர்னல் கோப்பு அந்த எல்லைக்கு அப்பால் விழுந்துவிட்டால் பெட்டி கிளம்பாது. எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டுமென்று டிஸ்க்கின் ஆரம்பத்தில் ஒரு குட்டி பார்ட்டிஷன் வெட்டி அதற்குள் கெர்னலை வைத்தார்கள். ரெட் ஹேட் 9 காலத்தில் 100 எம்பி. ஒரு கெர்னலும் அதன் இனிட்ஆர்டியும் சில எம்பி மட்டுமே பிடித்த காலம், தாராளமாக இடம் இருந்தது.

பிறகு பயாஸ் எல்லை போனது. லைலோவும் போனது, அதன் வளர்ச்சி 2015 டிசம்பரோடு நின்றது. குட்டி பார்ட்டிஷன் மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது. டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்வது பெருகியபோது, பூட்டைத் திறக்கும் முன் கெர்னலைப் படிக்க வேண்டும் என்று அதற்குப் புதிய காரணமும் கிடைத்தது. இதற்கு நடுவே ஒரு கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் பல பத்து எம்பிக்கு வீங்கிவிட்டது, ஃபர்ம்வேர் சேர்ந்தால் நூறையும் தாண்டும். பழையதை அழிக்காதே என்ற நல்ல புத்தியும், சின்னதாக வெட்டு என்ற பழைய புத்தியும் முட்டிக்கொண்டன.

முட்டியது எங்கே தெரியுமா? பாதுகாப்பு அப்டேட் நடக்கும் நேரத்தில். கெர்னல் இறங்கிவிடும், இனிட்ராம்எஃப்எஸ் கட்டப் பாதி வழியில் இடம் இருக்காது. ஆப்ட் பாதியில் நிற்கும். அதற்குப் பிறகு எந்த பேக்கேஜும் நகராது. ஜனங்கள் பதற்றத்தில் பூட் அடைவுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே அழித்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை கிட்டத்தட்ட செய்துவிட்டேன். சரியான வழி: யூநேம் போட்டு இப்போது ஓடுவது எது என்று முதலில் பார்ப்பது, அதைத் தொடாமல் வேறொரு பழையதை பேக்கேஜ் கருவி மூலமாகவே நீக்குவது, பிறகு பாதியில் நின்றதை முடிக்கச் சொல்வது. கையால் கோப்பை அழித்தால் பேக்கேஜ் கருவி அது இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

மூன்று என்ற எண்ணிக்கை

எல்லாம் வைத்தால் இடம் போதாது, ஒன்று மட்டும் வைத்தால் ஆபத்து. ஃபெடோராவில் இயல்பான எண்ணிக்கை 3. நான்காவது வந்தால் முதலாவது போகும். ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் தொடாது. ஆப்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஓடுவதையும், கடைசியாக வந்த ஒன்றிரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தேவையில்லாதவை என்று கணக்கு வைக்கும்.

நல்ல விதிதான். ஆனால் உற்றுப் பாருங்கள், அந்த 'ஓல்டு' கோப்பின் ஓட்டை இங்கேயும் இருக்கிறது, கொஞ்சம் பெரிய சட்டை போட்டுக்கொண்டு. மாதக்கணக்கில் ரீபூட் செய்யாத சர்வர் ஒன்று. அப்டேட்கள் தானாக வந்துகொண்டே இருக்கின்றன. ஓடுவது ஒன்று, மேலே வரிசையாக இரண்டு. அந்த இரண்டும் ஒருமுறைகூடக் கிளம்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் ரீபூட் ஆகி, இரண்டில் ஒன்றில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கிளம்பிவிட்டால், இப்போது 'ஓடுவது' அதுதான். அடுத்த அப்டேட் வரும்போது, மாதக்கணக்கில் நம்பகமாக ஓடிய பழையது எண்ணிக்கைப்படி வெளியே போகும். கருவி எண்ணத்தான் செய்கிறது, எது நிரூபித்தது என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர்கள், எனக்குத் தெரிந்தவரை, ரிப்பேர் ஆள் பக்கத்தில் இல்லாத பொருட்களைச் செய்தவர்கள். குரோம் ஓஎஸ்ஸில் கெர்னலுக்கு இரண்டு பார்ட்டிஷன்கள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்க் அட்டவணையிலேயே மூன்று குறிப்புகள்: முன்னுரிமை என்ன, இன்னும் எத்தனை முயற்சி பாக்கி, வெற்றியாகக் கிளம்பியதுண்டா. புதியது முயற்சி எண்ணிக்கையோடு வரும். கிளம்பி முடித்தால்தான் வெற்றிக் குறி கிடைக்கும். முயற்சி தீர்ந்தால் பழையதற்குத் திரும்பிவிடும். ஆண்ட்ராய்டு 7.0-ல் 2016-ல் வந்த ஏ, பி இரட்டை ஏற்பாடும் இதே யோசனைதான். உங்கள் பையில் இருக்கும் போன் அனேகமாக இதைச் செய்துகொண்டிருக்கிறது.

சாதாரண லினக்ஸுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. டிசம்பர் 2018-ல் வெளியான சிஸ்டம்டி 240-ல், பூட் மெனு வரியின் கோப்புப் பெயரிலேயே மிச்சமிருக்கும் முயற்சிகளின் எண்ணிக்கையை வைக்கும் முறை சேர்ந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எண் ஒன்று குறையும். முழுசாகக் கிளம்பி முடிந்தால் எண் நீங்கிவிடும்: இவன் தேறிவிட்டான் என்று அர்த்தம். எண் பூஜ்யமானால் அந்த வரி கடைசிக்குப் போய்விடும். லைலோவின் பெரிய ஆர், தானியங்கி பானிக் ரீபூட் இரண்டையும் வைத்துப் பழைய அட்மின்கள் கையால் செய்த வித்தைதான் இது. இப்போது பெட்டிக்கே தெரிகிறது. ஆனாலும் உபுண்டு, டெபியன் என்று பெரும்பாலானோர் இன்றும் கிரப் பயன்படுத்துகிறோம். அங்கே நிரூபணம் பார்ப்பது நம் வேலை.

நான் இப்போது செய்வது

அப்டேட் வந்தவுடன், நேரம் இருக்கும்போதே ரீபூட் செய்துவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சோதிக்காத கெர்னல்கள் சேரும். கிளம்பியதும் யூநேம் பார்த்து, உண்மையிலேயே புதியதில்தான் இருக்கிறேனா என்று உறுதி செய்கிறேன். நெட்வொர்க், டிஸ்க், திரை, சஸ்பெண்ட் நான்கையும் ஒருமுறை பார்க்கிறேன். கிளம்பாவிட்டால் பதற வேண்டாம். பழைய பயாஸ் கணினியில் ஷிப்ட், யூஇஎஃப்ஐயில் எஸ்கேப் அழுத்தினால் கிரப் மெனு வரும், மேம்பட்ட தேர்வுகளுக்குள் முந்தின கெர்னல் காத்திருக்கும். அதில் கிளம்பி, போன முறையின் பதிவுகளை ஜர்னலில் நிதானமாகப் படிக்கலாம். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய கெர்னலை, தானாக அழியாதபடி பிடித்து வைக்கிறேன். இன்னொன்று தேறிய பிறகுதான் அதை விடுகிறேன். புது நிறுவலில் பூட் பார்ட்டிஷனுக்கு ஒரு ஜிபிக்குக் குறையாமல் கொடுக்கிறேன்.

திருப்பூர் கதையை முடிக்கவில்லையே. நிறுவல் சிடியின் மீட்பு முறையில் கிளப்பினேன். அதற்கும் ரெய்டு கார்டு தெரியாது. கார்டோடு வந்த டிரைவர் ஃப்ளாப்பி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அக்கவுன்டன்ட் தன் மேஜை டிராயரை முழுக்கக் கவிழ்த்துக் கொட்டினார். ரசீது புத்தகங்களுக்கு அடியில், சாமி படக் காலண்டர் ஒன்றுக்குள் செருகி, அந்த ஃப்ளாப்பி இருந்தது. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வச்சேனுங்க என்றார். அதை வைத்து டிஸ்க்கைக் கண்டுபிடித்து, சிடியிலிருந்தே பழைய கெர்னலை மறுபடி நிறுவி, ரெய்டு மாட்யூலைச் சேர்த்து, இனிட்ஆர்டி கட்டி முடிக்க இரவு பதினொன்று ஆனது. போனஸ் லிஸ்ட் மறுநாள் காலை முதல் ஷிப்ட்டுக்கு முன்னால் போனது.

அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஒருமுறை வேலை செய்த பொருளைத் தூக்கிப் போடக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவு எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.